காலி எடை எந்த வண்டியுடையது? கிருஷ்ணகிரியில் பைத்தான் கிளாஸ் கற்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்று வண்டிகள். லோடு எடை 9,840 கிலோ, 4,260 கிலோ, 6,150 கிலோ. காலி எடை 1,720, 2,980, 3,910. ஒவ்வொரு வண்டியிலும் எவ்வளவு மாங்காய் வந்தது என்று கணக்கிட ஒரு நிரல் எழுதச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வகுப்பில் எல்லோரும் முடித்துவிட்டார்கள். திரையில் மொத்தம் 11,640 கிலோ என்று வந்தது. எடைமேடைக்காரர் நோட்டிலும் 11,640 தான். கணக்கு டேலி ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் மூன்று விவசாயிகளின் கணக்கும் தப்பாக இருந்தது.

பைத்தான் என்ற நிரல்மொழியில் கிளாஸ் (ஒரு வகைப் பொருளைப் பற்றி எதைக் குறிப்பது, அதைக்கொண்டு என்ன செய்வது என்ற ஏற்பாடு), ஆப்ஜெக்ட் (அந்த ஏற்பாட்டின்படி உண்டாகும் ஒவ்வொன்றும்) இரண்டையும் புதிதாகக் கற்பவர்களுக்கு எப்படி அறிமுகம் செய்வது என்று சில ஆண்டுகளாகத் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தப்பான கணக்குதான் வழி காட்டியது. அதற்கு முன் செய்ததையும் பின்னால் நடந்ததையும் விவரமாக எழுதி வைக்கிறேன். தமிழில் நிரலாக்கம் சொல்லித்தருகிற மற்றவர்களுக்கு உதவும்.

முதலில் செய்தது

சனி, ஞாயிறு மாலைகளில் கிருஷ்ணகிரியில் ஒரு சிறிய வகுப்பு எடுக்கிறேன். பர்கூர், காவேரிப்பட்டணம், வேப்பனப்பள்ளி, சந்தூர் பக்கங்களிலிருந்து வருகிறார்கள். கல்லூரி மாணவர்கள் பாதி, ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் மீதி. சிலருக்கு வீட்டு மொழி தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். படித்தது தமிழ் வழியில். மாறி, இஃப், ஃபார், லிஸ்ட் (மதிப்புகளை வரிசையாக வைப்பது), டிக்‌ஷனரி, ஃபங்ஷன் எல்லாம் ஆறு வாரத்தில் ஒழுங்காக வந்துவிடும். ஏழாவது வாரம் கிளாஸ். அங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும்.

முந்தைய அணிக்கு எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். கார் என்பது கிளாஸ், உங்கள் வீட்டுக் கார் ஆப்ஜெக்ட். நிறம், வேகம் பண்புகள். ஓடு, நில் செயல்கள். பலகையில் எழுதினேன், அவர்கள் தட்டச்சு செய்தார்கள், "சிவப்பு கார் ஓடுகிறது" என்று திரையில் வந்தது. கேள்வி எதுவும் வரவில்லை. கேள்வி வராததைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். அது என் தவறு.

அடுத்த வாரம் நூலகப் புத்தகத்துக்கு ஒரு கிளாஸ் எழுதச் சொன்னபோது, காரை அப்படியே வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒரு பையன் புத்தகத்துக்கு வேகம் என்ற பண்பைக்கூட எடுக்காமல் விட்டிருந்தான். அவனைக் கேட்டேன். "கிளாஸ்னா அது இருக்கணும்னு நெனச்சேன் சார்" என்றான். மந்திரம் ஓதுகிறவர் ஒரு எழுத்தையும் விடப் பயப்படுவதுபோல அவனும் பயந்திருக்கிறான். ஏன் என்று தெரியாமல் கற்றுக்கொண்டதை அப்படித்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

இதில் சொல்லின் பங்கும் உண்டு. 2019-20 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. தமிழ்வழிப் புத்தகத்தில் கிளாஸுக்கு இனக்குழு என்றும் ஆப்ஜெக்டுக்குப் பொருள் என்றும் பெயர். பொருள் நல்ல சொல். இனக்குழு அப்படி இல்லை. சமூக அறிவியலில் மக்கள் கூட்டத்தைக் குறித்துப் படித்த சொல் அது. குழு என்றாலே பலர் சேர்ந்திருப்பது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதனால் கிளாஸ் என்பது ஆப்ஜெக்டுகளைப் போட்டு வைக்கும் ஒரு பை என்று பலர் நினைக்கிறார்கள். லிஸ்டுக்கும் கிளாஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் திணறுகிறார்கள். பாடநூல் சொல்லைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தேர்வுக்கு அதுதான் வேண்டும். ஆனால் என் வகுப்பில் கிளாஸ் என்றே சொல்லிவிட்டு, இனக்குழு என்பது அதன் தேர்வுப் பெயர் என்று சொல்கிறேன்.

தாய்மரம்

அடுத்த அணியில் 14 பேர். காரை விட்டுவிட்டு, இவர்களுக்குத் தெரிந்த ஒன்றை எடுப்போம் என்று மாமரத்துக்குப் போனேன். கிருஷ்ணகிரியில் மாமரத்தைத் தெரியாதவர் யார்? கிளாஸ் பெயர் மாமரம். ரகம், வயது, காய்கள் பண்புகள். பெங்களூரா ஒன்று, செந்தூரா ஒன்று, நீலம் ஒன்று என்று மூன்று ஆப்ஜெக்டுகள் செய்தோம்.

சந்தூரிலிருந்து வரும் ஒரு தம்பி கையைத் தூக்கினான். அந்த ஊரில் மாங்கன்று நர்சரி நிறைய. அவன் வீட்டிலும் அதே தொழில். "சார், அப்போ கிளாஸ்ங்கிறது தாய்மரம். அதுலருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டுறோம்ல, அந்த ஒட்டுச்செடிங்க எல்லாம் ஆப்ஜெக்டு. சரியா சார்?"

எனக்கு அவ்வளவு சந்தோஷம். மண்ணிலிருந்து வந்த உவமை, ஒரு மாணவன் தானே கண்டுபிடித்தது. பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன். அரைமணி நேரம் கழித்து அதே தம்பியின் திரையில் சிவப்பாக ஒரு பிழைச் செய்தி. மாமரம்.காய்கள் என்று எழுதி அச்சிடப் பார்த்திருக்கிறான். மாமரம் என்ற கிளாஸுக்குக் காய்கள் என்று ஒன்று இல்லை என்று பைத்தான் சொல்லிவிட்டது. "தாய்மரத்துல எத்தன காய்னு கேட்டேன் சார். தாய்மரமும் மரந்தானே, காய்க்கும்ல?"

அவன் கேட்டது முழுக்க நியாயம். உவமைதான் பிழை. தாய்மரம் தானும் ஒரு மரம். அதற்கு வயது உண்டு, காய் உண்டு, ஒரு நாள் பட்டும் போகும். கிளாஸ் என்பது முதல் மாமரம் அல்ல. அது மரமே அல்ல. மரத்தைப் பற்றி எதை எதைக் குறித்துவைக்க வேண்டும், அதைக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்ற ஏற்பாடு மட்டும்தான். தம்பி சொன்னதுபோல ஒரு பொருளையே தாயாக வைத்து அதிலிருந்து இன்னொரு பொருளை உண்டாக்கும் மொழிகளும் இருக்கின்றன. 1995-ல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் அப்படிப்பட்டதுதான். கிளாஸ் என்ற எழுத்துமுறையே அதில் 2015-ல்தான் சேர்ந்தது. அங்கே அவன் உவமை கிட்டத்தட்டப் பொருந்தும். பைத்தானுக்குப் பொருந்தாது.

மாமரத்தில் இன்னொரு குறையும் இருந்தது. யோசித்தபோது அதுதான் பெரிய குறை என்று பட்டது. ரகம், வயது, காய்கள் என்று எழுதினோம், அச்சிட்டோம், அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. கிளாஸ் இல்லாமல் போயிருந்தால் எதுவும் கெட்டிருக்காது. தேவையே எழாத இடத்தில் கருவியைக் கொடுத்தால் யாரும் அதை ஏன் என்று கேட்டுக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

எடைமேடையில் ஒரு மாலை

மாங்காய் சீசன் அது. மாங்கூழ் ஆலைகளுக்கு டிராக்டரும் மினி லாரியும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வகுப்பை ஒரு நாள் ஊருக்கு வெளியே ஒரு எடைமேடைக்குக் கூட்டிப்போனேன். லோடு எடை, காலி எடை எல்லோருக்கும் காதில் விழுந்த சொற்கள்தான். நின்று பார்த்தவர்கள் குறைவு.

லோடோடு வண்டி மேடை ஏறுகிறது. எடை போட்டுச் சீட்டில் ஏறுகிறது: வண்டி எண், லோடு எடை. காலி எடைக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. வண்டி போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் அந்தக் கட்டம் நிரம்பும். லோடிலிருந்து காலியைக் கழித்தால் நிகரம். அதுவரை அந்தச் சீட்டு முடியாத சீட்டு. மேசையில் ஒரு ஆணியில் முடியாத சீட்டுகள் குத்தி வைத்திருந்தன.

காவேரிப்பட்டணத்துப் பெண் ஒருத்தி எடைமேடைக்காரரிடம் கேட்டாள்: "அண்ணா, போன வரிசையிலயே திரும்பி வருமா?"

"எங்கம்மா வரும்? சின்ன வண்டி சீக்கிரம் எறக்கிட்டு வந்துரும். லாரி ஒரொரு நாள் ராத்திரி ஆயிரும். டீ குடிக்கப் போனவன் எப்ப வருவான்னு யாருக்குத் தெரியும்?"

அந்தப் பதில்தான் அடுத்த வகுப்பின் பாடமானது. ஆனால் அதைக் கேட்ட யாரும், நான் உட்பட, அப்போது கவனிக்கவில்லை.

டேலி ஆன தப்புக் கணக்கு

மறுநாள் மூன்று வண்டிகளின் எண்களைக் கொடுத்தேன். முதலில் லாரி, பிறகு மினி லாரி, கடைசியாக டிராக்டர். லோடு எடைகள் வந்த வரிசையில். காலி எடைகள் நோட்டில் இருந்த வரிசையில், அதாவது திரும்பி வந்த வரிசையில். எல்லோரும் தெரிந்த கருவியை எடுத்தார்கள்: இரண்டு லிஸ்ட். ஒன்றில் லோடு, இன்னொன்றில் காலி. ஃபார் லூப் போட்டு முதலாவதிலிருந்து முதலாவது, இரண்டாவதிலிருந்து இரண்டாவது.

லாரிக்கு 9,840 கழித்தல் 1,720, ஆக 8,120 கிலோ. மினி லாரிக்கு 4,260 கழித்தல் 2,980, ஆக 1,280. டிராக்டருக்கு 6,150 கழித்தல் 3,910, ஆக 2,240. கூட்டினால் 11,640.

உண்மையில் முதலில் திரும்பியது மினி லாரி. 1,720 அதனுடையது. 2,980 டிராக்டருடையது. லாரி கடைசியாக வந்தது; 3,910 அதன் காலி எடை. சரியான நிகரம் லாரிக்கு 5,930, மினி லாரிக்கு 2,540, டிராக்டருக்கு 3,170. கூட்டினால் இதுவும் 11,640.

எந்தக் காலி எடையை எந்த லோடிலிருந்து கழித்தாலும் கடைசிக் கூட்டுத்தொகை மாறாது. மொத்தத்திலிருந்து மொத்தம்தான் போகிறது. அதனால் ஆலைக்கு நட்டமில்லை, நோட்டு டேலி ஆகும், யாருக்கும் சந்தேகம் வராது. மினி லாரிக்காரருக்கு 1,260 கிலோவும் டிராக்டர்காரருக்கு 930 கிலோவும் போய்விட்டன. அந்த 2,190 கிலோவும் லாரிக்காரர் கணக்கில் ஏறியிருக்கிறது. பலகையில் இதை எழுதி முடித்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த 14 பேரில் பாதிப் பேர் வீட்டில் மாந்தோப்பு உண்டு. ஆயிரத்து இருநூறு கிலோ என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"சார், பைத்தான்ல ஒரு எரரும் வரலயே" என்றான் ஓசூரில் வேலைக்குப் போகும் ஒருவன். அதுதான். சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு எண்கள் இரண்டு லிஸ்டுகளில் பிரிந்து கிடந்தன. எது எதனுடையது என்பதை வரிசை எண் ஒன்றை நம்பி விட்டுவிட்டோம். அந்த நம்பிக்கை உடைந்தபோது அதைச் சொல்ல நிரலில் யாருமில்லை.

உடனே தீர்வுகள் வந்தன. டிக்‌ஷனரி போட்டு வண்டி எண்ணைச் சாவியாக, அதாவது தேடி எடுக்கும் பெயராக, வைக்கலாம் என்றாள் ஒருத்தி. நல்ல யோசனை, செய்து பார்த்தோம். அதே டிராக்டர் மாலையில் இரண்டாவது நடை வந்தது. ஒரு சாவிக்கு ஒரு பதிவுதான் என்பதால் காலை நடை அழிந்துபோனது. சரி, சீட்டு எண்ணைச் சாவியாக வைத்து, ஒவ்வொரு சீட்டுக்கும் உள்ளே ஒரு டிக்‌ஷனரி வைக்கலாம். வேலை செய்தது. நேர்மையாகச் சொல்லவேண்டும்: இந்த அளவு வேலைக்கு அது போதும். வகுப்பிலும் அப்படியே சொன்னேன். ஆனால் அந்த நிரலில் ஒருவர் காலி என்றும், இன்னொருவர் காலி_எடை என்றும் எழுதினார்கள். டிக்‌ஷனரி இரண்டையும் வாங்கிக்கொண்டது. வண்டி திரும்பாமலே நிகரம் கேட்ட இடத்தில் நிரல் விழுந்தது. காலி எடை வந்துவிட்டதா என்ற கேள்வியை நிகரம் தேவைப்பட்ட மூன்று இடத்திலும் எழுத வேண்டியிருந்தது. மூன்றாவது இடத்தில் மறந்துபோனார்கள்.

அப்போதுதான் அந்த ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளை நினைவூட்டினேன். எடைமேடைக்காரருக்கு ஏன் குழப்பம் வரவில்லை? லோடும் காலியும் ஒரே தாளில் இருப்பதால். வண்டி எந்த வரிசையில் திரும்பினாலும் அதன் சீட்டு ஆணியில் காத்திருக்கிறது. நிரலில் நமக்கு வேண்டியதும் அந்தச் சீட்டுதான்.

சீட்டை எழுதினோம்

பைத்தான் 3-ல் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். கிளாஸ், டெஃப், இஃப், ரிட்டர்ன் போன்ற மொழியின் சொந்தச் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்; கீழே அவற்றை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தமிழ் விசைப்பலகைக்கு மாறி மாறித் தட்டுவது மெதுவான வேலை. ஆனால் ஒரு பெரிய லாபம் கிடைத்தது. திரையில் ஆங்கிலத்தில் இருப்பதெல்லாம் பைத்தானுடையது, தமிழில் இருப்பதெல்லாம் நம்முடையது. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. வேகம் என்ற பண்பை எடுக்கப் பயந்த அந்தப் பையனுக்கு இது அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டும்.

கிளாஸ் எடைச்சீட்டு:
    டெஃப் __இனிட்__(இந்த, வண்டி, லோடு):
        இந்த.வண்டி = வண்டி
        இந்த.லோடு = லோடு
        இந்த.காலி = நன்

    டெஃப் காலி_எழுதிக்கொள்(இந்த, எடை):
        இந்த.காலி = எடை

    டெஃப் நிகரம்(இந்த):
        இஃப் இந்த.காலி இஸ் நன்:
            ரிட்டர்ன் நன்
        ரிட்டர்ன் இந்த.லோடு - இந்த.காலி

நன் என்பது இன்னும் ஒன்றும் இல்லை என்பதற்குப் பைத்தான் வைத்திருக்கும் சொல். சீட்டின் வெறும் கட்டம். இனிட் என்பது வண்டி முதல்முறை மேடை ஏறும்போது நடப்பது. புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்த பிறகுதான் அதில் எழுத முடியும். பைத்தானும் ஆப்ஜெக்டை முதலில் உண்டாக்கிவிட்டுத்தான் இனிட்டின் கையில் கொடுக்கிறது. அச்சடித்த சீட்டுப் புத்தகம் கிளாஸ். கிழித்து எழுதிய ஒவ்வொரு தாளும் ஆப்ஜெக்ட். புத்தகத்திடம் போய் உன் லோடு எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். சந்தூர்த் தம்பி தலையாட்டினான்.

இந்தச் சிந்தனை பிறந்த இடமும் எடைமேடைக்கு ரொம்பத் தூரமில்லை. 1960-களில் ஆஸ்லோவில் நார்வே கணிப்பு மையத்தில் கிறிஸ்டன் நிகார்டும் ஓலே யோகான் டாலும் சிமுலா என்ற மொழியைச் செய்தார்கள். வருவதும், வரிசையில் நிற்பதும், வேலை முடிந்து போவதுமாக இருக்கும் ஏற்பாடுகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கான மொழி அது. அதன் அடுத்த வடிவமான சிமுலா 67-ல்தான் கிளாஸும் ஆப்ஜெக்டும் முதலில் வந்தன. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001-க்கு இருவருக்கும் கிடைத்தது. வந்து, காத்திருந்து, நிலை மாறிப் போகும் ஒன்றைக் கொண்டு கிளாஸைச் சொன்னால் ஏன் சட்டென்று பிடிபடுகிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. மாமரத்தைவிட எடைச்சீட்டு அதனால்தான் நல்ல உதாரணம்.

எழுதுவதும் எழுதிக்கொள்வதும்

நிரலில் இந்த என்று நான் வைத்த இடத்தில் உலகம் முழுக்க செல்ஃப் என்று எழுதுகிறார்கள். புதியவர்கள் எல்லோரும் விழும் குழி இது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு காலி_எழுதிக்கொள்(எடை) என்று மட்டும் எழுதி ஓட்டினால், ஒரு மதிப்பு வாங்கும் இடத்தில் இரண்டு கொடுத்திருக்கிறாய் என்று பைத்தான் கோபித்துக்கொள்ளும். "நான் 1720 ஒண்ணுதானே சார் குடுத்தேன்" என்று எல்லா அணியிலும் ஒருவர் கேட்பார்.

முந்தைய ஆண்டுகளில் இதற்கு, அது அப்படித்தான், முதலில் செல்ஃப் போட வேண்டும் என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இம்முறை ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதிக் காட்டினேன். ஆ என்பது மினி லாரியின் சீட்டு. ஆ.காலி_எழுதிக்கொள்(1720) என்பது ஒன்று. எடைச்சீட்டு.காலி_எழுதிக்கொள்(ஆ, 1720) என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே விளைவு. முதலாவதில் புள்ளிக்கு முன்னால் நிற்கும் ஆ தான் உள்ளே இந்த என்று போய் நிற்கிறது. இரண்டாவது மதிப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

பிறகு மூன்று பேரை எழுப்பி ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். "1720 எழுது" என்றேன். யார் எழுதுவது, எங்கே எழுதுவது என்று மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "மினி லாரி, நீ 1720 எழுதிக்கொள்" என்றேன். ஒருத்தி மட்டும் தன் தாளில் எழுதிக்கொண்டாள்.

எழுது, எழுதிக்கொள். தமிழில் இந்த வேறுபாடு நமக்குக் கூடப்பிறந்தது. செய்கிறவருக்கே அந்தச் செயல் போய்ச் சேர்வதைக் கொள் என்ற துணைவினை சொல்லிவிடுகிறது. தன் நிலையைத் தானே மாற்றும் மெத்தடுக்கு (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷனுக்கு மெத்தட் என்று பெயர்) எழுதிக்கொள், சேர்த்துக்கொள், குறைத்துக்கொள் என்று பெயர் வைக்கச் சொன்னேன். நிகரம் போல எதையும் மாற்றாமல் பதில் மட்டும் சொல்வதற்குப் பெயர்ச்சொல். அதற்குப் பிறகு அந்த அணியில் செல்ஃபை மறந்தவர்கள் குறைந்துபோனார்கள். கொள் என்று எழுதியதும் யாருக்கு என்ற கேள்வி தானாக வருகிறது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. தமிழில் சொல்லித்தருகிறவர்கள் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வாரம் இந்த என்றே எழுதிவிட்டு, பிறகு செல்ஃபுக்கு மாற்றினோம். அது பைத்தானின் ஒதுக்குச் சொல் அல்ல, வெறும் வழக்கம். ஆனால் பெப் 8 என்ற எழுத்துநடை வழிகாட்டி செல்ஃபைத்தான் வைக்கச் சொல்கிறது. வேலைக்குப் போகும் இடத்தில் வேறு பெயர் வைத்தால் கூட இருப்பவர்கள் தடுமாறுவார்கள்.

சுவரிலிருந்த பலகை

இனி நடந்ததை நான் முன்கூட்டித் திட்டமிடவில்லை. ஆலை வாசலில் அழுகலுக்குக் கழிக்கும் எடையையும் சீட்டில் சேர்க்கலாமே என்று காவேரிப்பட்டணத்துப் பெண் தானே எழுதிக்கொண்டு வந்தாள். கிளாஸ் வரிக்கு நேர் கீழே கழிவுகள் = [] என்று ஒரு வெற்று லிஸ்ட். கழிவு_சேர்த்துக்கொள் என்ற மெத்தடில் அதற்கு அப்பெண்ட், அதாவது லிஸ்டின் கடைசியில் சேர்ப்பது. லாரிக்கு 60, 35 என்று இரண்டு கழிவு சேர்த்தாள். மினி லாரிக்கு ஒன்றுமே சேர்க்கவில்லை. ஆனால் மினி லாரியின் நிகரம் 2,540-லிருந்து 2,445 ஆகிவிட்டது. டிராக்டருக்கும் அதே 95 கிலோ குறைந்தது.

அவள் ஏன் அங்கே எழுதினாள் என்று கேட்டேன். "பதினொண்ணாவதுல சி++ல அப்படித்தானே சார் எழுதினோம்." அவள் சொன்னது சரி. சி++-ல் கிளாஸுக்குள் மாறிகளை அறிவித்தால் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனித்தனிப் படி கிடைக்கும். பைத்தானில் அதே இடத்தில் எழுதினால் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான ஒன்று உண்டாகும். பள்ளியில் ஒழுங்காகப் படித்ததால் வந்த பிழை இது.

எடைமேடை அறையில் ஒரு கரும்பலகை இருந்தது. எடை போடும் கூலி அதில் எழுதியிருக்கும். அதைக் காட்டி விளக்கினேன். சீட்டைப் பார்த்து ஏதாவது கேட்டால், பைத்தான் முதலில் சீட்டில் தேடும். இல்லையென்றால் சுவரிலிருக்கும் பலகையில் தேடும். கிளாஸுக்கு நேர் கீழே எழுதியதெல்லாம் பலகை. இந்த என்று புள்ளி வைத்து எழுதியதெல்லாம் சீட்டு. கழிவுகளைப் பலகையில் எழுதிவிட்டாய்; அதனால் எந்த வண்டி வந்தாலும் அதையே படிக்கிறது. இனிட்டுக்குள் இந்த.கழிவுகள் = [] என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

அங்கே விட்டிருக்கலாம். வேப்பனப்பள்ளிப் பையன் விடவில்லை. எடைக்கூலி = 80 என்று பலகையில் எழுதி, ஆ.எடைக்கூலி = 100 என்று மாற்றிப் பார்த்தான். ஆவுக்கு மட்டும் 100, மற்றவற்றுக்கு 80. "லிஸ்ட் எல்லாத்துக்கும் மாறுச்சு, இது மட்டும் ஏன் சார் தனியா மாறுது?" பதில் அந்தப் பலகையிலேயே இருந்தது. சமக்குறி போட்டு எழுதினால் எழுதுவது சீட்டில்தான்; ஆவின் சீட்டில் 100 என்று ஏறியது, அதன்பின் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. அப்பெண்ட் எதையும் புதிதாக எழுதவில்லை. பலகையில் இருக்கும் லிஸ்டைத் தேடிப் போய் அதிலேயே சேர்த்தது. இந்த ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தேன். கொடுத்திருக்க வேண்டியதுதான். பல வருடம் பைத்தானில் வேலை செய்தவர்களையும் இந்த இடம் தடுக்கி விழவைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விட்டதும் மிச்சமும்

மரபுரிமம், அதாவது இன்ஹெரிட்டன்ஸ், எட்டு வாரமாகியும் தொடவில்லை. பாடத்திட்டக் கணக்கில் அது குறை. எடைச்சீட்டிலிருந்து வேறு வகைச் சீட்டு பிறக்க வேண்டிய தேவை எங்களுக்கு எழவில்லை; எழாமல் அதைச் சொன்னால் திரும்பவும் காரும் பஸ்ஸும்தான் வரும். ஆப்ஜெக்டை அச்சிட்டால் வரும் விசித்திரமான நினைவக முகவரியைப் பற்றியும், இ = அ என்று எழுதினால் புதுச் சீட்டு உண்டாகாமல் ஒரே சீட்டை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் தலா பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டோம்.

இரண்டு அணிகளையும் ஒப்பிட்டு இது வென்றது, அது தோற்றது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆட்கள் வேறு, அணி சிறியது, இரண்டாவது முறை நானும் கொஞ்சம் தேறியிருந்தேன். நான் கண்ணால் பார்த்தது ஒன்றுதான்: நூலகப் புத்தகப் பயிற்சியை இவர்களுக்கும் கொடுத்தபோது, எழுத ஆரம்பிக்கும் முன் "புத்தகத்துக்கா சார், இரவல் சீட்டுக்கா?" என்று கேட்டார்கள். புத்தகம் மாறாது, யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதுதான் நிரம்பக் காத்திருக்கும் கட்டம். கிளாஸை எங்கே வைப்பது என்று அவர்களாகவே யோசித்தார்கள்.

கடைசி வகுப்பு முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சந்தூர்த் தம்பி கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். ஒவ்வொன்றாக, எது எந்தக் கிளாஸைச் சேர்ந்தது என்று சொல்லும் டைப் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். 5 போட்டால் இன்ட் என்ற கிளாஸ். லிஸ்டைப் போட்டால் லிஸ்ட் என்ற கிளாஸ். ஆறு வாரமாகத் தொட்டுக்கொண்டிருந்ததெல்லாம் ஆப்ஜெக்டுதான் என்று அவனே கண்டுகொண்டான். பிறகு ஆ போட்டான். எடைச்சீட்டு என்று வந்தது. பிறகு எடைச்சீட்டையே போட்டான். டைப் என்று வந்தது.

"சார், அப்போ கிளாஸும் ஒரு ஆப்ஜெக்டா? அதுக்கும் ஒரு கிளாஸ் இருக்கா? நான் அன்னைக்கே சொன்னேன்ல சார், தாய்மரமும் மரந்தான்னு."

ஓரளவு நீ சொன்னதும் சரிதான், ஆனால் அது வேறு சாதி மரம் என்றேன். சீட்டுப் புத்தகத்தை அச்சடிக்கும் அச்சகம் ஒன்று இருக்குமல்லவா, அதைப் பற்றி அடுத்த சனிக்கிழமை பேசுவோம் என்றேன். போச்சம்பள்ளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு ஓடினான். சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான்.